காலையில் அன்னாசி, மாலையில் பீச்: பழ சென்ட் தோலில் மாறும் விதம்

பழ வாசனை சென்ட் வாங்கியவர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றேதான். கடையில் அடித்துப் பார்த்தபோது அப்போதுதான் பழத்தை நறுக்கி வைத்த மாதிரி இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் பழம் போய்விட்டது. மிச்சம் நிற்பது ஏதோ ஒரு இனிப்பும் லேசான மரவாடையும்தான். ஏசி போட்ட மாலில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கினாலும் சரி, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கினாலும் சரி, இதே பேச்சு. கூடவே, போலிச் சரக்கோ என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது.

பெரும்பாலும் பாட்டில் மீது தப்பில்லை. பழ சென்ட் என்பது ஒரே பழ வாசனை காலையிலிருந்து இரவு வரை நிற்கும் பொருள் அல்ல. அதற்குள் லேசான பழங்களும் கனமான பழங்களும் இருக்கின்றன. லேசானவை முதலில் கிளம்புகின்றன, கனமானவை கடைசியில் தெரிகின்றன. நாம் பணம் கொடுப்பது முதல் ஐந்து நிமிடத்துக்கு. கூட வாழ்வது அடுத்த ஐந்து மணி நேரத்தோடு. சென்னை வெயிலில் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் இன்னும் கூடுகிறது. எது எப்போது போகிறது, ஏன் போகிறது என்று தெரிந்துகொண்டால் வாங்குகிற விதமே மாறிவிடும்.

முதலில், பாட்டிலில் இருக்கும் பழம் பழத்திலிருந்து வந்ததா? ஆரஞ்சு, எலுமிச்சை, பெர்கமாட் போன்ற சிட்ரஸ் வகைகளுக்கு மட்டும் ஆம் என்று சொல்லலாம். அவற்றின் தோலைப் பிழிந்தாலே வாசனை எண்ணெய் கிடைக்கும். மாம்பழம், ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி இவற்றில் அப்படி எண்ணெய் எடுக்க முடியாது. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர், வாசனைப் பொருளோ மிக மிகக் கொஞ்சம். காய்ச்சி வடித்தால் ஜாம் கிண்டிய வாசம்தான் வரும். அதனால் சென்ட் செய்பவர்கள் பழத்தின் வாசனை மூலக்கூறுகளைத் தனித்தனியாக எடுத்துக் கோத்து ஒரு பழத்தைக் கட்டுகிறார்கள். இதை ஏமாற்று என்று நினைப்பது சரியல்ல. வாழைப்பழத்தில் இருக்கும் அதே ஐசோஅமைல் அசிட்டேட்தான் சென்டிலும் வாழைப்பழ வாசனை தருகிறது. அன்னாசிக்கு எத்தில் பியூட்டிரேட், பேரிக்காய்க்கு ஹெக்சைல் அசிட்டேட். இவை எல்லாம் எஸ்டர் என்ற ஒரே குடும்பம்.

எஸ்டர்களின் குணத்தை அறிய லேப் வேண்டாம். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போனால் போதும். பண்ருட்டிப் பலா வந்து இறங்கியிருந்தால் லாரி கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். பலாவின் வாசனையில் பியூட்டைல் ஐசோவாலரேட், ஐசோஅமைல் ஐசோவாலரேட் என்ற எஸ்டர்களுக்குப் பெரிய பங்கு. சின்ன, லேசான மூலக்கூறுகள் என்பதால் காற்றில் ஏறி வெகுதூரம் போகின்றன. தூரம் போகிற அந்தக் குணமேதான் அவற்றைச் சீக்கிரம் தீர்த்தும் விடுகிறது. பலாப்பழத்தில் உள்ளே இருந்து புதிதாக ஊறிக்கொண்டே இருக்கும். மணிக்கட்டில் அடித்த இரண்டு ஸ்ப்ரேயில் புதிதாக ஊற ஒன்றுமில்லை.

யார் முன்னே போவார், யார் பின்னே போவார் என்பதைக் கொதிநிலையை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். சென்டில் பெரும்பகுதியாக இருக்கும் எத்தில் ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அன்னாசி வாசனை எத்தில் பியூட்டிரேட் 121 டிகிரி, வாழைப்பழ எஸ்டர் 142, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் 176. பீச் வாசனை தரும் காமா அன்டெகாலாக்டோன் 300 டிகிரியை ஒட்டி வருகிறது. நம் தோல் 32 முதல் 34 டிகிரியில்தானே இருக்கிறது, எதுவும் கொதிக்காதே என்று கேட்கலாம். மொட்டை மாடியில் காயும் துணியிலிருக்கும் தண்ணீரும் கொதிப்பதில்லை, காய்ந்துவிடுகிறது. அதே கணக்குதான், கொதிநிலை குறைவாக உள்ளது பொதுவாக முதலில் கிளம்பும்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பழையது. 1955-இல் வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய வாசனைக் கலைஞர் ஒவ்வொரு வாசனைப் பொருளும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து 1 முதல் 100 வரை எண் கொடுத்தார். ஒரு நாள் கூடத் தாங்காதவற்றுக்கு 1, பச்சௌலி என்ற இலையின் எண்ணெய் போல விடாமல் நிற்பவற்றுக்கு 100. கடைக்காரர்கள் இன்றும் சொல்லும் டாப் நோட், மிடில் நோட், பேஸ் நோட் என்ற மூன்று அடுக்குகளுக்கு அடிப்படை இதுதான். ஆனால் அடுக்கு என்றதும் ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அடித்த நொடியிலேயே எல்லாமும் ஆவியாக ஆரம்பிக்கின்றன. லேசானவை கூட்டமாகக் கிளம்புவதால் கனமானவை அப்போது காதில் விழாத குரலாக அடங்கியிருக்கின்றன, அவ்வளவுதான்.

முதல் அரை நிமிடம் ஆல்கஹாலுடையது. அப்போது மூக்கை ஒட்டிவைத்து முகர்ந்தால் ஸ்பிரிட் நெடிதான் ஏறும். அது போனதும் வரும் பத்து இருபது நிமிடம் கொண்டாட்டமான நேரம். சிட்ரஸ், எஸ்டர்கள், பச்சைக் கொய்யாவை ஞாபகப்படுத்தும் பச்சை வாசனை எல்லாம் ஒன்றாகக் கேட்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எஸ்டர்களை மட்டும் கலந்தால் கிடைப்பது பழமல்ல, பழ மிட்டாய். நிஜப் பழத்தின் உயிர் கந்தகச் சேர்மங்களில் இருக்கிறது. கொய்யா, மாம்பழம், பம்பளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட் எல்லாவற்றிலும் மிகச் சிறிய அளவில் அவை இருக்கின்றன. சென்டில் பிளாக்கரன்ட் என்ற கருநிறப் பழச் செடியின் மொட்டுச் சாறு சேர்ப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். அளவு கொஞ்சம் கூடினால் பூனை மூத்திர வாடை அடிக்கும்; அந்த எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற சென்ட்தான் எனக்கு உயிருள்ளதாகத் தெரிகிறது.

பிறகு பூக்கள் வருகின்றன. பழ சென்டில் பூவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மல்லிகைச் சரத்தை நிதானமாக முகர்ந்து பார்க்கலாம். மல்லிகை வாசனையின் முக்கியப் பொருள்களில் ஒன்றான பென்சைல் அசிட்டேட்டும் ஒரு எஸ்டர்தான். தனியாக முகர்ந்தால் அதில் வாழைப்பழச் சாயலும் பேரிக்காய்ச் சாயலும் உண்டு. பழத்திலிருந்து பூவுக்குப் போகும் வழி ஏற்கெனவே பூவுக்குள்ளேயே இருக்கிறது. சென்ட் செய்பவர் புதிதாக எதையும் ஒட்டவைக்கத் தேவையில்லை. நம் ஊர் மல்லிகையிலிருந்து எடுக்கும் சாறு வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

நடுப்பகுதியில் பூவோடு கூட இன்னொரு வகைப் பழமும் எழும்பும். டமாஸ்கோன், டமாஸ்செனோன் என்ற மூலக்கூறுகள் ரோஜா எண்ணெயில் இருப்பவை. ரோஜா எண்ணெயில் டமாஸ்செனோனின் பங்கு 1 சதவீதத்துக்கும் மிகக் குறைவு. வாசனையிலோ அதன் பங்கு மிகப் பெரியது. பிளம், வேகவைத்த ஆப்பிள், கொஞ்சம் தேன் கலந்த மாதிரி இருக்கும். நம் மூக்கு இதை அணுவளவிலேயே கண்டுபிடித்துவிடும். ஆக, ஒரு வாசனை எவ்வளவு நேரம் கேட்கும் என்பது அது எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மூக்குக்குப் போதும் என்பதையும் பொறுத்தது. தோலில் துளியிலும் துளிதான் மிச்சம் என்றாலும் டமாஸ்கோன் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது: லாக்டோன்கள், அதாவது வளைய வடிவ எஸ்டர்கள். பீச் வாசனை தரும் காமா அன்டெகாலாக்டோன் 1908-இல் கண்டுபிடிக்கப்பட்டது. வியாபாரத்தில் அதற்கு ஆல்டிஹைடு சி-14 என்று பெயர். உண்மையில் அது ஆல்டிஹைடே அல்ல. 1919-இல் ஜாக் கெர்லான் அதைத் தன் மிட்சுகோ என்ற சென்டில் போட்டார். பழுத்த பீச்சின் வாசனையை ஓக் மரத்துப் பாசியின் ஈர வாடையோடு சேர்த்த அந்த சென்ட் நூறு வருடம் தாண்டியும் விற்பனையில் இருக்கிறது. பழம் என்றால் வந்து போகும் விருந்தாளி என்றிருந்த நிலை மாறி, பழம் கடைசி வரை தங்கலாம் என்று காட்டியது இந்த லாக்டோன் வகைதான். முகரும் தாளில் தடவினால் நாள்கணக்கில் நிற்கும். வாசனையில் சாறு இல்லை, சதை இருக்கும். தோலுக்கு அடியில் இருந்து வருவது போல மெத்தென்று இருக்கும்.

லாக்டோன் நமக்கு அந்நியமும் அல்ல. தேங்காய் எண்ணெயின் வாசனைக்குக் காரணமான டெல்டா ஆக்டாலாக்டோனும் டெல்டா டெகாலாக்டோனும் இதே குடும்பம். மாம்பழத்திலும் லாக்டோன்கள் உண்டு. நன்றாகப் பழுத்த மல்கோவாவில் வரும் அந்தப் பாலேடு மணத்தைச் சொல்கிறேன். குளித்துவிட்டுக் கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமுள்ளவர்கள் பீச் சென்ட் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, பீச்சைவிட மாம்பழத்துக்குப் பக்கமாகப் போய்விடும். கெட்டுப்போனதல்ல அது. சொல்லப்போனால் இந்த ஊருக்கு அதுதான் பொருத்தம். அதே எண்ணெய்க் கை மேல் எலுமிச்சை சென்ட் அடித்தால் மட்டும் சிட்ரஸின் கூர்மை மழுங்கிவிடும்.

அடியில் தங்குபவை மஸ்க் என்னும் கஸ்தூரி வாசனை, வெனிலா, பச்சௌலி, சந்தனம். செயற்கை மஸ்க்கான கேலக்சோலைடின் மூலக்கூறு எடை 258. எத்தில் பியூட்டிரேட்டின் எடை 116. இரண்டு மடங்குக்கு மேல் கனம். சிலருக்குச் சில மஸ்க்குகள் அறவே கேட்காது. அது மூக்கின் பிறவிக் குணம், சளியால் வருவதல்ல. இந்த அடுக்கில் இன்னொரு பொருளைத் தனியாகச் சொல்ல வேண்டும்: எத்தில் மால்ட்டால். பஞ்சுமிட்டாய் வாசனை அதனுடையது. 1992-இல் வாசனைக் கலைஞர் ஒலிவியே க்ரெஸ்ப் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஏஞ்சல் என்ற சென்ட் அதைப் பச்சௌலியோடும் பழங்களோடும் தாராளமாகச் சேர்த்தது. அதற்குப் பிறகு வந்த பழ சென்ட்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் அதன் வாரிசுகள் என்று தயங்காமல் சொல்வேன். மாலையில் உங்கள் சட்டையில் மிச்சம் நிற்கும் அந்த இனிப்பு பெரும்பாலும் இதுவே.

இனி ஊர் செய்யும் வேலை. ஒரு திரவத்தின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அது ஆவியாகும் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஆனால் வெளியே 40 டிகிரி என்பதால் தோலும் 40 டிகிரிக்குப் போய்விடாது. வியர்வை அதைத் தடுக்கும். ஏசி அறையில் 31 டிகிரி இருக்கும் கை, அக்னி நட்சத்திர வெயிலில் 36-க்குப் போகலாம். அந்த ஐந்து டிகிரிக்கு வேகம் சுமார் 40 சதவீதம் கூடும். அதைவிடப் பெரிய காரணம் காற்று. தோலை ஒட்டி நிற்கும் வாசனைப் படலத்தை அடித்துக்கொண்டு போவது அதுதான். ஓஎம்ஆரில் ஸ்கூட்டியில் போகிறவர்கள், பறக்கும் ரயிலில் வாசல் பக்கம் நிற்பவர்கள், வீட்டில் ஃபேனுக்குக் கீழே சென்ட் அடித்துக்கொள்பவர்கள் இவர்களுடைய டாப் நோட் ஆபீஸ் போய்ச் சேராது. கிளம்புமுன் அடித்த பேரிக்காய் மத்திய கைலாஷ் சிக்னலிலேயே தீர்ந்திருக்கும்.

கனமான வாசனைகளுக்கு இதே வெயில் நேர்மாறான காரியம் செய்கிறது. குளிர்ந்த ஊரில் தோலை ஒட்டி அடங்கிக் கிடக்கும் வெனிலாவும் எத்தில் மால்ட்டாலும் இங்கே சூட்டில் முழுசாக விரிகின்றன. வியர்வை வந்து தோல் நனைந்ததும் ஒட்டிக் கிடந்த வாசனை மறுபடி கிளம்புவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். சாயங்காலம் நெரிசலான பஸ்ஸில் சிலருடைய சென்ட் திடீரென்று திகட்டுவதற்கு இதுவும் காரணம். ஐரோப்பியக் குளிர்காலத்துக்குச் செய்த சென்ட்டை மே மாதச் சென்னையில் போடும்போது அதன் முதல் பாதி சுருங்கி, இரண்டாம் பாதி பருத்துவிடுகிறது. மார்கழியில் அதே பாட்டிலை எடுத்துப் பாருங்கள். காலையில் 20, 22 டிகிரியில் பழம் நிதானமாகத் திறக்கும். மயிலாப்பூரில் கச்சேரி ஆரம்பிக்கும்வரைகூட அன்னாசியின் சாயல் தங்கியிருக்கும்.

"என் உடம்பு கெமிஸ்ட்ரிக்கு இந்த சென்ட் ஒத்துவராது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை. தோல் லேசான அமிலத்தன்மை உடையது, பெரும்பாலானவர்களுக்கு பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் அந்த அமிலம் சில மணி நேரத்தில் சென்ட்டின் மூலக்கூறுகளைப் பெரிதாக மாற்றிவிடாது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவது முக்கியமாகத் தோலின் எண்ணெய்ப்பசையாலும் ஈரத்தாலும் சூட்டாலும்தான். வாசனை மூலக்கூறுகள் எண்ணெயில் கரையக்கூடியவை. எண்ணெய்ப்பசை உள்ள தோல் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். வறண்ட தோலில் பழம் இன்னும் சீக்கிரம் போய்விடும்; மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவிவிட்டு அடித்தால் நல்ல வித்தியாசம் தெரியும். அக்குளில் வியர்வை மேல் சென்ட் அடிப்பது மட்டும் வேண்டாம். அங்கே பாக்டீரியா உண்டாக்கும் வாடையும் பழ எஸ்டரும் சேர்ந்தால் அழுகின பழம்போல ஆகிவிடும்.

மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொள்ளும் பழக்கம் பற்றி ஒரு வார்த்தை. தேய்த்தால் மூலக்கூறு உடையும் என்பார்கள்; உடையாது. தேய்க்கிற சூட்டில் லேசானவை இன்னும் வேகமாகப் போகும், அவ்வளவே. ஆனால் பழ சென்டில் நாம் ஆசைப்பட்டு வாங்கியதே அந்த லேசானவற்றைத்தான்.

அத்தர் வேறு கதை. திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய, ஊரார் பெரிய மசூதி என்று சொல்லும் வாலாஜா மசூதியை ஒட்டிய தெருக்களில் அத்தர் வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அத்தரில் ஆல்கஹால் இல்லை. தூக்கியெறிவது போன்ற முதல் வீச்சு வராது. எண்ணெயிலிருந்து மெல்ல மெல்லக் கசியும். பாரம்பரிய அத்தரின் அடி சந்தன எண்ணெய். பழ வாசனையில் விற்கும் ரோல்-ஆன்கள் பெரும்பாலும் செயற்கை வாசனையை வேறு எண்ணெயில் கலந்தவை. அதனால் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். பழம் நிதானமாகத் தெரிய வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு, சென்னைச் சூட்டில் ஸ்ப்ரேயைவிட இது பொருந்தும்.

மூக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். மனித மூக்கில் வேலை செய்யும் வாசனை ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. அவற்றின் மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். ஒரு மணி நேரத்தில் சென்ட் போய்விட்டது என்று நீங்கள் நினைப்பது பல நேரம் இதனால்தான்; பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். மறுபடி அடிப்பதற்கு முன் வீட்டில் அக்காவிடமோ ஆபீஸில் தோழியிடமோ ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, வாங்குவது எப்படி? கடையில் தரும் காகிதப் பட்டையில் சூடு இல்லை, எண்ணெய் இல்லை, வியர்வை இல்லை. பிடிக்காததை ஒதுக்குவதற்கு மட்டும் அது போதும். பிடித்ததை மணிக்கட்டில் ஒரே ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். "லாங் லாஸ்டிங் மேடம், எட்டு மணி நேரம் நிக்கும்" என்று விற்பனைப் பெண் சொல்வார். நிற்கும்தான், நிற்கப்போவது எது என்பதே கேள்வி. பாண்டி பஜாரில் நடந்து, சாப்பிட்டு, மின்சார ரயில் ஏறி வீட்டுக்கு வந்து, மூன்றாவது மணி நேரத்தில் முகர்ந்து பாருங்கள். அப்போது கேட்பது பிடித்திருந்தால் வாங்கலாம். கூடுதல் விலை கொடுத்து ஓ டி டாய்லெட்டுக்குப் பதில் ஓ டி பர்ஃப்யூம் வாங்குவதும் எல்லோருக்கும் தேவையில்லை. வாசனைப் பொருள் முதலாவதில் 5 முதல் 15 சதவீதம், இரண்டாவதில் 15 முதல் 20 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. கூடுகிற அளவால் பேரிக்காயின் ஆயுள் அதிகம் நீளாது, அடியில் இருக்கும் மஸ்க்கும் வெனிலாவும்தான் இன்னும் அழுத்தமாக நிற்கும். முதல் பழத்துக்காகவே வாங்குகிறவர் லேசான வகையை வாங்கி, சின்ன பாட்டிலில் ஊற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு மதியம் ஒரு தடவை அடித்துக்கொள்வதே சிக்கனம்.

துணியில் அடித்தால் பழம் கூடுதல் நேரம் நிற்கும். துணியில் உடம்பின் நேரடிச் சூடு குறைவு என்பதே காரணம். பருத்திச் சட்டை, துப்பட்டா உள்பக்கம் அடிக்கலாம். பட்டுப் புடவையில் வேண்டவே வேண்டாம். ஆல்கஹாலும் வாசனை எண்ணெயும் பட்டில் கறை விடும், ஜரிகையின் நிறத்தையும் கெடுக்கலாம்.

பாட்டிலுக்குள்ளும் முதலில் கெடுவது லேசான பழம்தான். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் சிட்ரஸின் லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிடுகிறது. ஜன்னல் ஓரத்திலோ, வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டிலோ, கீசர் ஓடும் பாத்ரூமிலோ வைத்த சென்ட் ஒரு கோடைக்குள்ளேயே முதல் நிமிடத்தில் வார்னிஷ் நெடி அடிக்க ஆரம்பிக்கும். பீரோவுக்குள், அதன் அட்டைப் பெட்டியோடு வைப்பது நல்லது. அப்படி நெடி வந்துவிட்ட பாட்டிலில் நடுவும் அடியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அரை மணி நேரம் போனால் பழைய சென்ட் போலவே தோன்றும். ஆனாலும் தோலில் அடிக்காதீர்கள். ஆக்சிஜன் ஏறிய லிமோனீன் சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். பருத்தித் துணிக்கு வேண்டுமானால் அடித்துத் தீர்த்துவிடலாம்.